வித்து விடாத பூஞ்சை

குழந்தையம்மாள் தட்டின் மூடியை ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் தூக்கினாள். நெருப்பில் காட்டி ஆறவைத்த ஊசியால் அரிசி நொய் அளவுக்கு ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்து, கண்ணாடிச் சில்லில் இருந்த நீலச் சாயத் துளியில் வைத்தாள். இரண்டு ஊசிகளால் அதை மெல்லப் பிரித்தாள். மேலே மெல்லிய கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, காற்றுக்குமிழ் விழாமல் இறக்கினாள். முப்பது வருஷமாகச் செய்கிற வேலை. மனம் என்ன பாடுபட்டாலும் கை தன் போக்கில் செய்துவிடும்.

மனம் பாடுபட்டுக்கொண்டுதான் இருந்தது.

தட்டில் வளர்ந்திருந்தது யுகேந்திரன் என்ற, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத் தொழிலாளியின் வலது கண்ணிலிருந்து வந்தது. அதில் சந்தேகம் இல்லை. கண் டாக்டர் புண்ணைச் சுரண்டி எடுத்ததைத் தட்டில் பிறை பிறையாகக் கீறி அனுப்புவார். பிறைக்கோட்டின் மேல் வளர்ந்தால் கண்ணிலிருந்து வந்தது. கோட்டுக்கு வெளியே வளர்ந்தால் காற்றிலிருந்து விழுந்த குப்பை. இது எல்லாப் பிறையின் மேலும் வளர்ந்திருந்தது. வளர்ந்த விதம்தான் சரியில்லை. பூஞ்சை என்றால் பஞ்சு மாதிரி எழும்பும், பச்சையோ கறுப்போ ஒரு நிறம் காட்டும். இது எழும்பவே இல்லை. ஈரத் தாளை ஒட்டிவைத்த மாதிரி படுத்துக்கிடந்தது. தட்டை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால்தான் இருப்பதே தெரியும்.

நுண்ணோக்கியில் குனிந்தாள். அகலமான இழைகள். குறுக்குச் சுவர் எங்கோ ஒன்று இரண்டு. வித்து ஒன்றுகூட இல்லை. பூஞ்சைக்குப் பெயர் வைப்பது அதன் வித்தைப் பார்த்துத்தான். வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தால் ஒரு பெயர், துடைப்பக்கட்டை மாதிரி விரிந்த காம்பில் மணிமணியாக நின்றால் வேறு பெயர். வித்தே விடாததை என்னவென்று கூப்பிடுவது?

"இன்னும் மூஞ்சி காட்டலையாக்கா அது?" என்று கேட்டான் சீனி. லேப்பில் கண்ணாடிச் சாமான் கழுவி, நீராவிப் பானையில் அவித்து எடுப்பவன். குழந்தையம்மாளுக்கு அடுத்தபடி அங்கே பழைய ஆள் அவன்தான்.

"காட்டல."

"வெக்கமா இருக்கும்லா."

அவள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பதில் சொல்லாவிட்டால் அவள் பயந்திருக்கிறாள் என்று சீனிக்குத் தெரியும். அவன் கழுவுகிற வேலைக்குத் திரும்பிவிட்டான்.

குழந்தையம்மாள் பத்து காஜா ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா பால்வெட்டு, அப்பா புகைவீட்டில் ரப்பர் ஷீட் காயவைக்கிற வேலை. பள்ளி முடித்ததும் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸருக்குக் கையாளாகச் சேர்ந்தாள். காய்ச்சல்காரர்களின் விரலில் குத்தி ரத்தம் எடுத்துச் சில்லில் தேய்ப்பதுதான் முதல் வேலை. டிரஸர் பார்க்கச் சொன்ன நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவள் அன்றிலிருந்து ஸ்டூலை விட்டு இறங்கவே இல்லை என்று அவள் கணவர் ஸ்டானிஸ்லாஸ் சொல்வார். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் படித்து, ஈப்போவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேப்பில் வேலைக்கு வந்தாள். ஜெலாப்பாங்கில் வீடு வாங்கினார்கள். ஒரே மகள் மிஷெலைப் படிக்கவைத்தார்கள். படுத்த படுக்கையான மாமியாரை முதுகில் புண் வராமல் மூன்று வருஷம் புரட்டிப்போட்டுப் பார்த்து, அடக்கம் முடிந்த மறுவாரமே வேலைக்குப் போனாள். அவளைக் கல்நெஞ்சக்காரி என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் சொன்ன ஒருவரும் அந்த மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட வந்து ஒரு கை பிடித்ததில்லை.

வேலையில் அவளுக்கு ஒரே ஒரு விதி. பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே. யுகேந்திரனின் கண்ணைச் சுரண்டிய முதல் நாள், சாயம் போட்டுப் பார்த்தபோது இழைகள் தெரிந்தன. 'இழைகள்' என்றுதான் எழுதியிருக்க வேண்டும். வேலை குவிந்துகிடந்த பகல். செம்பனைத் தொழிலாளி, மட்டையிலிருந்து கண்ணில் தூசி, கருவிழியில் புண். இப்படி வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பூஞ்சைதான். 'பூஞ்சை இழைகள்' என்று எழுதி அனுப்பிவிட்டாள். அந்த ஒரு சொல்லின் மேல்தான் ஒரு வாரத்துக்கு மேலாக, மணிக்கு ஒரு தடவை, அந்த மனிதனின் கண்ணில் பூஞ்சை மருந்து விழுந்துகொண்டிருந்தது. புண் ஆறவில்லை. பரவிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் கண் டாக்டர் தர்மா தானே லேப்புக்கு வந்தார். நாற்பதைத் தாண்டிய மனிதர்; வழக்கமாகப் போனில் பேசிவிடுவார். நேரில் வந்து நின்றதைப் பார்த்ததுமே அவள் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, உள்ளதச் சொல்லுங்க. அது பூஞ்சைதானா?"

"இழை இருக்கு டாக்டர். வித்து இல்ல. நெறம் இல்ல. நான் பாத்த எந்தப் பூஞ்சை மாதிரியும் இல்ல."

அவர் தட்டை வாங்கி விளக்கில் சாய்த்துப் பார்த்தார். "பூஞ்சை மாதிரியே வேஷம் போடற ஒண்ணு இருக்கு. பித்தியம்னு பேரு. பூஞ்சையே இல்ல, பாசிக்குச் சொந்தக்காரன். தேங்கின தண்ணியில வாழும். பூஞ்சை மருந்து அதுக்குத் தண்ணி தெளிச்ச மாதிரிதான். அதுக்கு வேற மருந்து. ஆனா கேட்டுட்டேன், ஆளு தண்ணிப் பக்கமே போகலங்கிறாரு. தூசி, தூசிங்கிறாரு."

"பித்தியமா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"அதுக்கும் வித்து உண்டு. ஆனா தட்டுல விடாது. புல்லுல ஏத்தி, தண்ணியில போட்டாத்தான் விடும். அந்த வித்து நீந்தும். பூஞ்சை வித்து நீந்தாது. நான் படிச்சதுதான், செஞ்சதில்ல. நீங்க செஞ்சிருக்கீங்களா?"

"இல்ல."

"வியாழக்கிழமை காலையில ஆப்பரேஷன் தியேட்டர் வச்சிருக்கேன். புண்ணு வெள்ளை விழி ஓரத்துக்கு வந்துடுச்சு. பூஞ்சைதான்னா மருந்துக்கு அடங்கலன்னு அர்த்தம், கண்ணையே எடுத்துடறதுதான் நல்லது, இல்லாட்டி உள்ள போயிடும். இது அந்த மத்ததுன்னா, மருந்த மாத்திப் படலத்த மட்டும் வெட்டிட்டு வேற படலம் வைக்கப் பாக்கலாம்." அவர் தட்டைத் திருப்பிக் கொடுத்தார். "அவருக்கு மூணு புள்ளைங்க. மரத்துல தொங்கற குலைய அண்ணாந்து பாத்து வெட்டற வேலை."

அவர் போனபிறகு குழந்தையம்மாள் கையைக் கழுவிவிட்டு, வார்டுக்குப் போனாள். லேப்காரர்கள் வார்டுக்குப் போகும் வழக்கம் இல்லை. நோயாளி புட்டியில் வருவான், தாளில் திரும்பிப் போவான். முகம் தெரியாமல் இருப்பதுதான் கைக்கு நல்லது. இப்போது அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

யுகேந்திரன் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவன், பனைமரம் மாதிரி நீண்ட ஆள், கட்டிலுக்குள் அடங்காமல் கிடந்தான். வலது கண்ணில் பிளாஸ்டிக் மூடி. அவன் மனைவி தினேஸ்வரி மூடியை எடுத்துவிட்டுச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். புட்டியின் முனை இமைமயிரில் பட்டது.

"முனை படக்கூடாது தங்கச்சி. கீழ் இமைய இழுத்துப் பிடி, அந்தப் பள்ளத்துல ஒரு சொட்டு போதும். இன்னொரு சொட்டு விட்டா வெளியதான் வழியும்."

தினேஸ்வரி திருத்திக்கொண்டாள். யுகேந்திரன் மற்றக் கண்ணால் பார்த்தான். "அக்கா யாரு, புது நர்ஸா?"

"லேப்பு. உங்க கண்ணுல இருந்து எடுத்தத வளக்கிறது நாந்தான்."

"வளக்கிறீங்களா? சோறு போட்டா?"

"ஆட்டு ரத்தம் கலந்து போடறோம்."

"பாத்தியா தினே. அதுக்கு ஆட்டு ரத்தம். எனக்கு ரெண்டு வேளையும் பரங்கிக்கா."

குழந்தையம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. "கண்ணு செவக்கிறதுக்கு முன்னால எங்கயாச்சும் தண்ணியில எறங்கினீங்களா? ஆறு, அலுர் வாய்க்கா, ஈயம் தோண்டின லம்பக் குட்டை?"

"டாக்டரும் இதத்தான் கேட்டாரு. நான் எங்கக்கா எறங்கினேன்? குலை வெட்டும்போது தூசி விழுந்துச்சு. தேச்சுட்டேன். அவ்வளவுதான்லா."

அவன் சொன்னது உண்மை என்றுதான் அவன் நம்பினான். அவன் முகத்தில் ஒளிவு இல்லை. ஆனால் கட்டிலின் மறுபக்கம் துண்டை மடித்துக்கொண்டிருந்த தினேஸ்வரியின் கை பாதியில் நின்றுவிட்டது. பிறகு மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தாள். நோயாளி வாயால் சொல்லாததைப் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். குழந்தையம்மாள் ஒன்றும் கேட்காமல் வெளியே வந்து, லிஃப்டை நோக்கி வேண்டுமென்றே மெதுவாக நடந்தாள்.

தினேஸ்வரி பின்னாலேயே வந்தாள்.

"அக்கா. தண்ணின்னா எறங்கித்தான் இருக்கணுமா? மேல பட்டாக்கூட வருமா?"

"கண்ணுக்குள்ள பட்டா வரும். எங்க பட்டுச்சு?"

அவள் சுவரோரமாக ஒதுங்கினாள். "பழைய தோட்டத்துல மாரியம்மன் திருவிழா. லயத்து வீட்டையெல்லாம் எப்பவோ இடிச்சுட்டாங்க, கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவுல நிக்குது. வருஷா வருஷம் எல்லாரும் போவோம். கடைசி நாள் மஞ்சத்தண்ணி ஊத்தி வெளையாடுவோம்ல. மாமன், மச்சான், கொழுந்தியா எல்லாரும். என் தங்கச்சி பிரமிளா ஒரு வாளியத் தூக்கி இவரு மூஞ்சியிலேயே அடிச்சா. கண்ணத் தொறங்க மாமா, தொறங்க மாமான்னு கத்திக்கிட்டே."

"அந்தத் தண்ணி எங்க இருந்து வந்துச்சு?"

"அங்க ஏதுக்கா பைப்பு? லயம் போனப்பவே கட் பண்ணிட்டாங்க. லம்பத்துல இருந்து பம்ப்பு வச்சு டிரம்முல புடிச்சு வச்சிருந்தாங்க. திருவிழா ஆரம்பத்துல புடிச்சது. மஞ்சளும் வேப்பெலையும் போட்டா கிருமியெல்லாம் செத்துடும்னுதான்..."

"டாக்டர்ட்ட ஏன் சொல்லல?"

தினேஸ்வரி வார்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "பிரமிளாவ இவரு தம்பிக்குத்தான் பேசியிருக்கு. தையில கல்யாணம். என் மாமியாருக்கு ஏற்கனவே பொண்ணு துள்ளுதுன்னு ஒரு இது. இவ ஊத்தின தண்ணியாலதான் மகன் கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா அவ்வளவுதான். எங்கம்மா போன்ல அழுவுறாங்க, சாமி காரியம், வாயத் தொறக்காதேன்னு. இவருக்கு அப்படி ஒரு நெனப்பே இல்ல. மறுநா வேலையில தூசி விழுந்துச்சு, அதத்தான் சொல்லிக்கிட்டே இருக்காரு. எனக்குத்தான் ராத்திரியெல்லாம்..."

"நீ அழுதா இப்ப எனக்குப் பிரயோஜனம் இல்ல," என்றாள் குழந்தையம்மாள். "எந்தத் தண்ணின்னு டாக்டருக்கு வேணும். யாரு ஊத்தினாங்கன்னு வேணாம். நான் சொல்லிக்கிறேன். ஒண்ணு செய்யி. அன்னிக்கு நனைஞ்ச எல்லாருக்கும் போன் போடு. யாருக்காச்சும் கண்ணு செவந்திருக்கா, வலிக்குதான்னு கேளு. மொதல்ல உன் புள்ளைங்க."

தினேஸ்வரி அங்கேயே நின்று தங்கைக்குப் போன் போட்டாள். ஒலிபெருக்கியில் பிரமிளாவின் குரல் நடைபாதை முழுக்கக் கேட்டது.

"எனக்கு ஒண்ணுமில்லக்கா. புள்ளைங்களுக்கும் ஒண்ணுமில்ல, இங்கதான் மூணும் அடிச்சுக்கிட்டு இருக்கு. பத்துமலை சித்தப்பாவுக்குத்தான் கண்ணு வீங்கியிருக்கு. ஏன் கேக்கிற? மாமாவுக்கு என்னா சொன்னாங்க?"

"சித்தப்பாவ இன்னைக்கே கூட்டிட்டு வா. கேள்வி கேக்காத."

"அவரு வரமாட்டாருலா. ஆஸ்பத்திரின்னாலே பின்வாசல் வழியா ஓடிருவாரு."

"கட்டித் தூக்கிட்டு வா. வாளி தூக்கத் தெரிஞ்சவதான நீ."

தினேஸ்வரி போனை வைத்துவிட்டாள். குழந்தையம்மாள் லிஃப்டின் பொத்தானை அழுத்தினாள்.

டிரம் தண்ணீரைப் பற்றிக் குழந்தையம்மாள் சொன்னபோது, வித்தைக் கண்ணால் பார்க்காமல் மருந்தை மாற்றமுடியாது என்றார் டாக்டர். சித்தப்பா மாலையில் வந்தார். டாக்டர் தர்மா பார்த்துவிட்டு, வெறும் கண்கட்டி என்று அனுப்பிவைத்தார். அதுவரை குழந்தையம்மாளுக்கு இரண்டாவது தட்டு ஒன்று வரப்போகிறது என்ற பயம் போகவில்லை.

திங்கட்கிழமை மாலையே சீனி கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பிடி புல் கொண்டுவந்தான். "இவ்வளவு போதுமாக்கா? மாடு எத்தனை?"

"பூச்சி மருந்து அடிச்ச எடம் இல்லையே?"

"வேலிக்கு அந்தப் பக்கம். தோட்டக்காரன் கை படாத புல்லு."

புல்லை நறுக்கி, கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஒவ்வொரு துண்டாகத் தட்டில் வளர்ந்திருந்ததன் ஓரத்தில் பதித்தாள். உடம்புச் சூட்டில் இருக்கும் இன்குபேட்டருக்குள் வைத்தாள். மறுநாள் காலையில் பார்த்தபோது இழைகள் புல்லின் மேல் ஏறியிருந்தன. சில துண்டுகளை எடுத்து, சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் காய்ச்சி வடித்த சுத்தமான நீரில் போட்டாள். மறுபடி சூட்டுக்குள்.

செவ்வாய்க்கிழமை முழுக்கப் போய்ப் போய்ப் பார்த்தாள். வேறு வேலை இல்லாமல் இல்லை. சிறுநீர்ப் புட்டிகள், சளி, ஒரு சிசுவின் முதுகுத்தண்டு நீர். எல்லாவற்றையும் முடித்து முடித்து நுண்ணோக்கிக்கு வந்தாள். புல். இழை. தண்ணீர். வேறு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தடவை குனியும்போதும் இந்தத் தடவை இருக்கும் என்று நினைத்தாள். நிமிரும்போது கழுத்து வலித்தது. பித்தியம் இல்லை என்றால் பூஞ்சை. பூஞ்சை என்றால் அவள் முதலில் எழுதியது சரி. அவள் சரியாக இருந்தால் அந்த மனிதனுக்குக் கண் போகும். தான் தப்பு செய்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட நாள் அவள் வேலையில் அது ஒன்றுதான்.

வீட்டில் ஸ்டானிஸ்லாஸ் மீன் குழம்பு வைத்திருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபிறகு சமையல் அவர் கைக்குப் போய்விட்டது. அவள் சோற்றைப் பிசைந்தாள், சாப்பிடவில்லை.

"உப்புப் பத்தலையா?"

"ஒரு ஆளுக்குக் கண்ணு எடுக்கப் போறாங்க. நான் எழுதின ஒரு வார்த்தையில ஆரம்பிச்சது."

ஸ்டானிஸ்லாஸ் சமாதானம் சொல்கிற ஆள் இல்லை. அதற்காகவே அவரைக் கட்டிக்கொண்டாள். "நாளைக்கு என்னா செய்யப் போற?"

"தெரியல."

"அப்ப சாப்பிடு. தெரியாததப் பட்டினியோட யோசிக்க முடியாது."

சாப்பிட்டாள். கை கழுவிக்கொண்டிருந்தபோது டாக்டர் தர்மாவின் போன் வந்தது.

"பாங்காக்ல என்கூடப் படிச்சவன் இருக்கான், அவன்ட்ட கேட்டேன். நீங்க எந்தத் தண்ணியில போட்டீங்க?"

"காய்ச்சி வடிச்சதுல."

"அதான். அதுல ஒரு சத்தும் இல்லையாம். சுண்ணாம்புச் சத்து வேணுமாம், இல்லாட்டி வித்து விடாதாம். உப்புக் கணக்கெல்லாம் சொன்னான், அதெல்லாம் நம்மகிட்ட இல்ல. குளத்துத் தண்ணிய வடிகட்டிக் கொதிக்க வச்சுப் போட்டாலே போதும்னான்."

குழந்தையம்மாள் உடனே சீனிக்குப் போன் செய்தாள். மலையடிவாரத்தில், சுண்ணாம்புப் பாறைக்குக் கீழே, ஒரு லம்பக் குட்டையை ஒட்டித்தான் சீனியின் வீடு.

"சீனி, உன் வீட்டுப் பின்னால குட்டையில தண்ணி இருக்கா?"

"மழைக்கு அடுப்படி வரைக்கும் வருது. எவ்வளவு வேணும், லோரியில கொண்டாரவா?"

"ஒரு பாட்டில். காலையில வரும்போது."

"ஆட்டு ரத்தம் வேணாம்னு சொல்லிடுச்சா அது?"

"கேலி நாளைக்கு. பாட்டில மறந்துடாத."

சீனி மறக்கவில்லை. புதன்கிழமை காலை பழுப்பாக ஒரு பாட்டில் வந்தது. வடிதாளில் இரண்டு தடவை வடித்தாள். நீராவிப் பானையில் அவித்தாள், அதிலிருந்த எதுவும் உயிரோடு இருக்கக்கூடாது என்று. ஆறும்வரை காத்திருந்தாள். கைவசம் தட்டில் இன்னும் நான்கைந்து புல்துண்டு இழையேறிக் கிடந்தன. எல்லாவற்றையும் ஒரே தடவையில் செலவழிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. இரண்டு கிண்ணம் வைத்தாள். ஒன்றில் இழையேறிய புல். மற்றதில் அதே தண்ணீரில் வெறும் வேகவைத்த புல். வெறும் புல்லிலும் ஏதாவது நீந்தினால் அது குட்டையின் அழுக்கு. இழையில் மட்டும் நீந்தினால்தான் கணக்கு.

மத்தியானம் வரை ஒன்றும் இல்லை. சாப்பாட்டு நேரம் போய்விட்டது. நான்கு மணிவாக்கில் பார்த்தபோது ஒரு இழையின் நுனி வீங்கியிருந்தது. நுனியில் சோப்புக்குமிழி மாதிரி ஒரு உருண்டை. அவள் திருகைச் சன்னமாகத் திருப்பிக் கூர்மையாக்கினாள். உருண்டைக்குள் என்னவோ புரண்டது, கொதிக்கிற உலையில் அரிசி புரள்கிற மாதிரி. திடீரென்று உருண்டை உடைந்தது. உள்ளே இருந்தவை நாலாபக்கமும் பிரிந்து போயின. நீந்திப் போயின.

கிண்ணத்தை மாற்றி வெறும் புல்லைப் பார்த்தாள். எதுவும் அசையவில்லை. திரும்பவும் முதல் கிண்ணத்தை வைத்தாள். இன்னும் இரண்டு உருண்டை வீங்கிக்கொண்டிருந்தது.

பார்க்க ஆசைப்பட்டதைத்தான் கண் பார்க்கும் என்று அவளுக்குத் தெரியும். "சீனி, இங்க வா. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். என்னா தெரியுதுன்னு மட்டும் சொல்லு."

சீனி கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தான். வெகுநேரம் குனிந்தே இருந்தான்.

"மொச்சக்கொட்ட மாதிரி இருக்குக்கா. சின்னச் சின்னதா."

"என்னா செய்யுது?"

"ஓடுது. நீச்சலடிக்குது. புல்லச் சுத்திச் சுத்தி வருது." அவன் நிமிர்ந்தான். "இதா அந்த ஆளு கண்ணுல இருக்கு?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்து டாக்டர் தர்மாவுக்குப் போன் செய்தாள். குரல் ஒழுங்காக வந்தது. "வித்து விட்டுடுச்சு டாக்டர். நீந்துது. வெறும் புல்லுல இல்ல. சீனியும் பாத்தான்."

மறுமுனையில் அவர் நாற்காலியை நகர்த்தி எழுவது கேட்டது. "நான் மருந்தகத்துக்குச் சொல்றேன். சொட்ட இப்பவே மாத்தறேன். ஆனா அக்கா, கண்ணு தப்பிச்சுடும்னு நான் சொல்லமாட்டேன். பத்து நாளு வீணாப் போச்சு. நாளைக்குத் தொறந்து பாத்துத்தான். ஓரத்துல நல்ல எடம் மிச்சம் இருந்தா படலத்தோட நிறுத்திக்குவேன். இல்லைன்னா எடுத்துடுவேன்."

"சரி."

"அவங்க வீட்டுல நான் பேசறேன்."

"மஞ்சத்தண்ணின்னு மட்டும் பேசுங்க. ஊத்தினவங்க பேரு வேணாம்."

"எனக்குப் பேரே தெரியாதே," என்றார் டாக்டர்.

குழந்தையம்மாள் முதல் அறிக்கையைத் திறந்து, 'பூஞ்சை' என்ற சொல்லை ரத்துசெய்து, திருத்தம் என்று எழுதி, தன் பெயரைப் போட்டாள். மேலதிகாரி கேட்பார். கேட்கட்டும். வீட்டுக்குப் போகும் வழியில் வார்டை எட்டிப் பார்த்தாள். தினேஸ்வரி புதுப் புட்டியிலிருந்து சொட்டு விட்டுக்கொண்டிருந்தாள், முனை படாமல். யுகேந்திரன் தூங்கிப்போயிருந்தான். உள்ளே போகாமல் திரும்பினாள்.

வியாழக்கிழமை காலையில் சீக்கிரமே வந்துவிட்டாள். தியேட்டரிலிருந்து வருவது எதுவானாலும் ஒரு தட்டில் வைத்து, சீனிதான் கொண்டுவருவான். கண் முழுதாக வந்தால் அகலவாய்ப் பெரிய புட்டி. படலம் மட்டும் என்றால் கட்டைவிரல் அளவுச் சிறு குப்பி. காத்திருக்கும்போது மேசையைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். அன்றைய தட்டுகளை அடுக்கினாள். மணியைப் பார்க்கக்கூடாது என்று கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

கதவு திறந்தது. சீனி தட்டோடு வந்தான். அவன் முகத்தைப் பார்க்காமல் தட்டைத்தான் பார்த்தாள். அதன் மேல் ஒரு துணி மூடியிருந்தது.

"ஏண்டா மூடியிருக்க?"

"மழைத்தூறல்க்கா, கொட்டகையத் தாண்டி வரணும்ல." துணியை எடுத்தான்.

சிறு குப்பி.

அவள் பெயரைச் சரிபார்த்தாள். யுகேந்திரன், வலது கண், கருவிழிப் படலம். உள்ளே பத்து காசு நாணயத்தைவிடச் சிறிய வட்டம், நடுவில் பால் திரிந்த மாதிரி வெண்மை. விளிம்பைப் பார்த்தாள். ஒரு பக்கம் தெளிவாக இருந்தது. மறுபக்கம் தெளிவா இல்லையா என்று வெறுங்கண்ணால் சொல்லமுடியவில்லை.

கையுறை மாட்டினாள். வட்டத்தை இரண்டாக வெட்டினாள். ஒரு பாதியைத் திசு பார்க்கும் பிரிவுக்கு எடுத்துவைத்தாள். மற்றப் பாதியின் வெளி ஓரத்தை மட்டும் நூல் மாதிரி சீவி எடுத்தாள். அங்கே வளர்ந்தால் கண்ணிலும் மிச்சம் இருக்கிறது, வளராவிட்டால் வெட்டியது போதும். புதுத் தட்டின் மூடியை ஒரு விரல் அகலத்துக்குத் தூக்கி, சீவியதை உள்ளே இருந்த அகார்க் கூழில் பதித்தாள். தட்டின் அடியில் பெயரையும் தேதியையும் எழுதினாள். 'விளிம்பு' என்றும் எழுதினாள், வேறொன்றும் எழுதவில்லை. இன்குபேட்டருக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"எப்பத் தெரியும்?" என்று கேட்டான் சீனி.

"நாளைக்கு ஒரு தடவ பாப்பேன். நாளான்னைக்கு ஒரு தடவ. அந்தப் பொண்ணு வெளிய நிக்கிறாளா?"

"நிக்கிறா. தங்கச்சியும் வந்திருக்கு. ரெண்டும் பேசிக்கலை, ஆனா பக்கத்துல பக்கத்துலதான் உக்காந்திருக்குங்க."

"சாப்பிட்டாங்களான்னு கேளு. இல்லைன்னா கேன்டீனுக்கு அனுப்பு."

சீனி போனான். குழந்தையம்மாள் கையுறையைக் கழற்றிப் போட்டு, கையைக் கழுவி, புது உறை மாட்டிக்கொண்டு, வரிசையில் அடுத்து இருந்த புட்டியை எடுத்தாள். யாரோ ஒரு பெரியவரின் சளி.